வாசகர் கேள்வி – பதில்: சேலத்துச் சாலைகளும் வண்டிக் கணக்கும்

கேள்வி: கார், பைக் செய்யும் பெரிய ஆலை எதுவும் நம் மாவட்டத்தில் இல்லை. அப்படியிருந்தும், மோட்டார் தொழில் சரிந்தால் நம் ஊர்களும் சரியும் என்கிறார்களே, எப்படி? (ஓமலூர் வாசகர்)

பதில்: வண்டி செய்யும் ஆலை இல்லைதான், ஆனால் வண்டிக்குள் போகும் எஃகு இங்கே உருகுகிறது. மேச்சேரிக்கு அருகே பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. ஆலையின் தனிவகை எஃகு, வாகன உதிரிபாகங்கள் செய்வோரிடம் செல்கிறது. அதைவிடப் பெரியது லாரித் தொழில். நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆகும் வரை சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு மூன்றும் சேலம் மாவட்டத்து ஊர்களே. ஆறு பாயாத மேட்டுநிலம் அதிகமுள்ள இந்தப் பகுதியில், கிளீனராகவும் ஓட்டுநராகவும் தொடங்கி, பிறகு கடன் வாங்கிச் சொந்த லாரிக்கு உரிமையாளர் ஆனவர்கள் பலர். ஆலையிலிருந்து சேசிஸாக, அதாவது வெறும் அடிச்சட்டமாக வரும் லாரிக்கு நாமக்கல் பட்டறைகளில்தான் பாடி கட்டுகிறார்கள்; திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன.

நாட்டின் மொத்த உற்பத்தியில் வாகனத் தொழிலின் பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு என்று அரசும் தொழில்துறையினரும் சொல்கிறார்கள். அதைப் படிக்கும்போது நாம் ஆலை வாயிலை மட்டும் நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் விலை பெரும்பாலும் வெளியூருக்குப் போய்விடுகிறது. வெல்டர், பெயின்டர், டயர் ரீட்ரேடிங் செய்பவர், லேத் பட்டறைக்காரர் ஆகியோருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் கூலியே ஊருக்குள் தங்குகிறது. ஆகவே சரக்குப் போக்குவரத்து குறைந்து புது லாரி வாங்குவது நின்றால், ஆலையில் ஆட்குறைப்பு வருமுன்னரே நம் பட்டறைகளில் வேலை நின்றுவிடும்.

கேள்வி: ஐந்து ஏக்கரில் மரவள்ளி வைத்திருக்கிறேன். வரி குறைந்திருப்பதால் டிராக்டர் வாங்கலாமா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது உண்மையே. ஆனால் ஐந்து ஏக்கருக்கு மட்டும் என்றால் வண்டி பெரும்பாலான நாள்கள் நின்றபடிதான் இருக்கும். வாடகைக்கு அமர்த்துவதே மேல். அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் உழவு ஓட்டும் வாய்ப்பு உறுதியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். உழவுக்கெனப் பதிவான டிராக்டரில் செங்கல், மணல் ஏற்றி வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

கேள்வி: ஏற்காட்டுக்கு அப்பால் மலைக் கிராமத்தில் இருக்கிறோம். பேருந்து காலையிலும் மாலையிலும்தான் வருகிறது. காபித் தோட்டத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் தவணையில் பைக் எடுக்கலாம் என்கிறார். 10 விழுக்காடு வட்டி என்றார்கள். கட்டுப்படியாகுமா? (வாசகி)

பதில்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் 100 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 14 குடும்பங்களிடமே இருசக்கர வாகனம் இருந்தது. அதன்பின் அது பெருகியதை ஆடம்பரம் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேருந்து வராத ஊரில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வேறு வழி ஏது?

ஆனால் அந்த 10 விழுக்காடு எந்த வகை வட்டி என்று முதலில் கேளுங்கள். 80,000 ரூபாயை மூன்று ஆண்டுக்கு ‘ஃபிளாட்’ வட்டியில் வாங்கினால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி போட்டு 24,000 ரூபாய் வாங்குவார்கள். தவணை மாதம் 2,889 ரூபாய். குறையும் அசலுக்கு மட்டும் அதே 10 விழுக்காடு என்றால் மொத்த வட்டி சுமார் 12,900 ரூபாய்தான். அதாவது, முதல் வகையின் உண்மையான வட்டி ஏறத்தாழ 18 விழுக்காடு. 2024 அக்டோபர் முதல், கடன் தருவோர் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களின் கூலியை வைத்துத் தவணையை முடிவு செய்யாதீர்கள்; வேலை குறையும் மாதத்திலும் கட்டக்கூடிய தொகைக்கே சம்மதியுங்கள். முன்பணத்தைக் கூட்டுவதற்காக, அடுத்த பறிப்புப் பருவம் முடியும் வரை வாங்குவதைத் தள்ளிப்போட்டாலும் நல்லதே. சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் விரைவில் தேயும். அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.