தயிர்ச் சட்டியும் இலஞ்சத்தில் சேருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் ஆடைத் தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் லைன்களில் ஏறாவூர், வாழைச்சேனைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அம்பாறைப் பக்கமிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருடா வருடம் நடக்கும் கம்ப்ளயன்ஸ் ட்ரெயினிங்கை (சட்டத்துக்கும் கம்பனி விதிகளுக்கும் அமைய நடப்பது பற்றிய பயிற்சியை) இந்த முறை தமிழில் செய்யச் சொல்லி ஆங்கில ஸ்லைட்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தியாவில் செய்த தமிழ்ப் பிரதி ஒன்று கையில் இருக்கிறது. அதையே போட்டால் போதாதா?
– வாசகி, செங்கலடி

பதில்: போதாது தங்கச்சி. புகார், மேலாளர் போன்ற இந்தியச் சொற்கள் இலங்கையில் நம் சனத்துக்கும் விளங்கும், படம் பார்க்கிற ஆட்கள்தானே. ஆனால் 'வருங்கால வைப்பு நிதி' என்று ஸ்லைடில் போட்டால், அது தன் சம்பளத்தில் 8 வீதம் கழித்து முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்டுகிற ஈ.பி.எஃப். காசுதான் என்று லைனில் இருக்கிற எத்தனை பிள்ளைகளுக்குப் பிடிபடும்? நமக்கு அது ஊழியர் சேமலாப நிதி. இப்படியான சொற்களை ஒரு பின்னேரம் இருந்து மாற்றிவிடலாம், அது பெரிய வேலை இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனத்துக்குள் நடக்கும் களவை, ஊழலை வெளியே சொல்கிறவரை ஆங்கில ஸ்லைட் பாராட்டுகிறது. அதைத் தமிழாக்க வந்தவர் 'காட்டிக்கொடுப்பவர்' என்று போட்டதை நான் ஒருமுறை ஒரு பயிற்சியில் கண்ணால் கண்டேன், மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. யுத்த காலச் சுற்றிவளைப்பில் ஊர்ச் சனத்தை வரிசையில் விட்டு, தலையாட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய 'தலையாட்டி'க்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலத்தைப் பார்த்த ஊர் இது. பார்க்காத பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன் சொல்லித் தெரியும். 'தகவல் கொடுப்பவர்' என்றாலும் இங்கே அதே வாடைதான். 'முறைப்பாடு செய்பவர்' என்று எழுதுங்கள், அதோடு விடாமல் யாரிடம் சொல்வது, பெயர் வெளியில் வருமா, சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதையும் அதே ஸ்லைடில் எழுதுங்கள். அப்புறம் அதில் போட்டிருக்கிற ஹொட்லைன் நம்பருக்கு உங்கள் போனிலிருந்து நீங்களே ஒரு தடவை எடுத்துத் தமிழில் பேசிப் பாருங்கள். மறுபக்கத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்றால், நீங்கள் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் வீண்.

பாலியல் துன்புறுத்தல் என்ற சொல்லும் அப்படித்தான். அதைக் கேட்டால் பிள்ளைகள் பத்திரிகையில் வருகிற பெரிய குற்றங்களைத்தான் நினைக்கிறார்கள், சூப்பர்வைசர் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்லும் 'பகிடி' அதற்குள் வராது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் 1995இல் செய்த திருத்தத்தின்படி வார்த்தையால் செய்வதும் குற்றம். 'சேட்டை விடுவது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், விளங்கும்.

அன்பளிப்பு பற்றிய ஸ்லைடில் விலை கூடிய கைக்கடிகாரமும் கோல்ஃப் விளையாட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்து எறியுங்கள். சாமானைச் சுணங்காமல் விடுவித்துத் தந்த சுங்க ஐயாவுக்கு நம் ஆட்கள் கொண்டுபோவது இரண்டு சட்டி எருமைத் தயிர், அல்லது ஒரு என்வெலப், அதற்குப் பெயர் 'சந்தோசம்'. இலஞ்சம் கூடாது என்று சொன்னால் எல்லாரும் ஆம் என்பார்கள், ஏனென்றால் தாங்கள் கொடுப்பது இலஞ்சம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், வழமையான அரசாங்க வேலையைத் துரிதப்படுத்தக் கொடுக்கும் சில்லறைக் காசுக்கு ஒரு சிறிய விலக்கு வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. நம் நாட்டிலும் அதை நம்பி இருக்க முடியாது. போதாததற்கு 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது, ஆகவே நூல் சப்ளையரிடம் கொள்வனவுப் பிரிவு வாங்கும் 'சந்தோசமும்' இதில் அடங்கும். தயிர்ச் சட்டியை ஸ்லைடில் படமாகவே போடுங்கள். சிரிப்பார்கள், பிறகு வாக்குவாதப்படுவார்கள். அந்த வாக்குவாதம்தான் ட்ரெயினிங்.

சிங்களப் பிரதியை உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டாம், லைனில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்க விடுங்கள். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மேலிடம் கேட்டால், அமெரிக்க நீதித் திணைக்களம் கம்பனிகளை எடைபோட வைத்திருக்கும் வழிகாட்டியில், பயிற்சி கேட்பவர்களுக்குப் பொருத்தமான மொழியில் நடந்ததா என்று ஒரு கேள்வியே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டுக் கம்பனிக்கு அது உடனே காதில் ஏறும்.

கேள்வி: எங்கள் கம்பனியில் கம்ப்ளயன்ஸ் ட்ரெயினிங் என்று ஓர் ஆங்கில வீடியோ பார்த்துவிட்டு போனில் 20 கேள்விக்கு விடை போட வேண்டும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர்தான் எங்கள் எல்லாருக்கும் போட்டுத் தருவார். எல்லாருக்கும் 100 புள்ளி! இது பிழையா அக்கா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: பிழைதான் தம்பி, ஆனால் பெரிய பிழை ஆங்கிலத்தில் அனுப்பியவர்களுடையது. முழுப் பிரிவும் 100 எடுத்திருப்பதைப் பார்த்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்றால் அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் புள்ளி மட்டும்தான். நாளைக்கு ஏதாவது விசாரணை வந்தால் உங்கள் பெயரில் இருக்கும் 100ஐ உங்களுக்கே நீட்டுவார்கள், 'தெரிந்துதானே செய்தீர்' என்று. அடுத்த ட்ரெயினிங்குக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து, தமிழில் தரச் சொல்லித் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் ஒப்பமும் வாங்கி வைக்க மறக்க வேண்டாம்.