முக்தாம்பாள் சத்திரம் காதல் சின்னமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எழுபதுகளின் கடைசியில் ஒரத்தநாட்டில் படித்தவன் நான். முக்தாம்பாள் சத்திரத்துக் கட்டடத்தில்தான் எங்கள் மாணவர் விடுதி. கல் குதிரையின் முதுகில் சாய்ந்துகொண்டு வரலாற்றுப் பாடத்தை உருப்போட்டிருக்கிறோம். அந்தக் குதிரைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அப்போது தோன்றவே இல்லை. போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். அவள் யூடியூபில் ஏற்கெனவே பார்த்துவிட்டாளாம். "தாத்தா, இதுதானே தஞ்சாவூரோட தாஜ்மஹால்? ராஜா லவ்வருக்குக் கட்டினது!" என்றாள். ஊரில் ஒருவர் அரண்மனை என்றார். இன்னொருவர், ஹெரிடேஜ் ஓட்டலாக்கினால்தான் இந்தக் கட்டடம் பிழைக்கும் என்றார். எங்களுக்கு அது வெறும் 'சத்திரம்'. உண்மையில் அது என்ன?

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்வதுதான் சரி. அது சத்திரம், வழிப்போக்கர் தங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடம். இத்தனை பெரிய வாசலும் கல் யானைகளும் கல் குதிரைகளும் தேரை இழுப்பதுபோன்ற வேலைப்பாடும் இருப்பதால் அரண்மனை என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் ராஜா குடியிருக்கக் கட்டியதல்ல.

காதல் கதைக்கு முதலில் வருகிறேன். முக்தாம்பாள் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜியின் பிரியத்துக்குரியவர், இளம் வயதில் இறந்தவர், தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று கடைசியாகக் கேட்டவர் என்பது ஊர் சொல்லும் கதை. இருக்கட்டும். ஆனால் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது, அது சரபோஜிக்கும் முந்தியது. திரௌபதாம்பாள், ராஜகுமாராம்பாள், சுலக்ஷணாம்பாள் என்று மராட்டிய அரசகுலப் பெண்கள் பெயரில் வரிசையாகச் சத்திரங்கள் உண்டு. சத்திரத்துக்கு வீட்டுப் பெண்ணின் பெயர் வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஒன்றை மட்டும் பிடித்துத் தாஜ்மஹால் என்றால் மற்றதையெல்லாம் என்னவென்று சொல்வது? அதோடு தாஜ்மஹால் ஒரு சமாதி. இங்கே புதைக்கப்பட்டவர் யாரும் இல்லை, இரவும் பகலும் அடுப்பு எரிந்த இடம் இது.

சரி, ஒரத்தநாட்டில் ஏன்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல், அப்படியே கடலோரமாக ராமேஸ்வரம். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு சேதுவுக்கு, அதாவது ராமேஸ்வரத்துக்கு, நடந்து வந்தவர்களின் பாதை இது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நடந்து வருபவருக்கு ஒரு பகல். காலையில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேரலாம். அங்கே ஒரு கூரையும் ஒரு கவளம் சோறும் இருந்தாக வேண்டும். ஊர் பெரியதா சிறியதா என்று பார்த்து வைத்த இடமல்ல, கால் வலிக்கும் தூரத்தைப் பார்த்து வைத்தது.

இப்படிப்பட்ட சத்திரங்களுக்குள் என்ன நடந்தது என்பதற்கு சரபோஜியே சாட்சி. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு (அரசவையில் கம்பெனி வைத்திருந்த பிரதிநிதிக்கு) அவர் எழுதிய கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. தன் நாட்டுச் சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று அதில் விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, யோகி, ஜங்கமர் (வீரசைவத் துறவி), பைராகி (வடநாட்டுத் துறவி) என்று வருகிற அத்தனை பேருக்கும் சோறு. சமைத்த சோறு ஒப்பாதவருக்கு அரிசியும் மற்ற சாமான்களும். நடுராத்திரி வரை இது நடக்கும். அப்புறம் மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவுவார்கள்.

இந்த மணியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கேட்டு வந்தவருக்குப் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கடைசி ஆள் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக நடுராத்திரியில் மணியடித்துத் தேடுகிறார்கள். நம் காலத்து அரசு பயணியர் மாளிகைக்குப் போய்ப் பாருங்கள். கேட்டைத் திறப்பதற்கு முன்பே வாட்ச்மேன், "எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடமே கேம்ப் வரும் அதிகாரிக்காகக் கட்டப்பட்டது.

கடிதத்தில் இன்னும் இருக்கிறது. சத்திரத்தில் வைத்தியர்கள் உண்டு, பாம்புக்கடிக்கு மருந்து தெரிந்தவர்கள் உட்பட. வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை கிடைக்கும். கைக்குழந்தையோடு வரும் ஏழைகளுக்குப் பால். கர்ப்பிணி வந்தால் அங்கேயே பிரசவம் பார்த்து, அதன் பிறகு மூன்று மாதம் தங்க அனுமதி. பெற்றோரை வழியில் இழந்த குழந்தைகளை வாத்தியாரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய படிப்பு, கடைசியில் கல்யாணச் செலவு வரை சத்திரத்துக் கணக்கில். எண்ணெய்க் குளியலைக்கூட மறக்காமல் எழுதிய மனிதர் சரபோஜி.

அதற்காக இதைச் சமத்துவபுரம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாருக்கும் சோறு என்றுதான் இருக்கிறதே தவிர, எல்லாருக்கும் ஒரே பந்தி என்று இல்லை. அரிசியாக வாங்கிப்போகும் ஏற்பாடு யாருக்காக என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு சத்திரத்திலும் நான்கு வேதத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதிலிருந்தே அரசரின் முதல் அக்கறை எந்தப் பக்கம் என்பதும் புரியும். இருந்தாலும் கடைசிப் படியில் நின்றவனுக்கும் அந்த வாசலில் சோறு உண்டு என்பதை ராஜாவே எழுத்தில் கொடுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு ராஜா ஏன் ரெசிடெண்டுக்குச் சமையல் கணக்கு எழுத வேண்டும்? 1799 ஒப்பந்தத்தோடு தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் (அந்தக் காலத்துப் பொன் நாணயம்), வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். படை இல்லை, வரி போடும் அதிகாரம் இல்லை. சத்திரங்களும் அவற்றுக்கு விட்ட நிலங்களும் கைவிட்டுப் போனால் ராஜா என்ற பெயருக்கே பொருளில்லை. தஞ்சாவூரைத் தர்மராஜ்யம் என்று ஊர் உலகம் சொல்கிறது, அந்தப் பெயர்தான் என் பதவிக்குக் கிடைத்த பெரிய கௌரவம் என்கிற பொருளில் அதே கடிதத்தில் எழுதுகிறார். எனக்கு இது காதல் கதையைவிடப் பல மடங்கு உருக்கமாக இருக்கிறது. நாடு போன ராஜா, சோறு போடும் உரிமையையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கிறார். ஒரத்தநாட்டுச் சத்திரம் அந்த வருஷங்களில் எழுந்தது. வாசல் ஏன் அத்தனை பெரியது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணமும் இதுதான்: அவர் ஆட்சி செய்ய மிஞ்சிய இடம் அது.

மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் உள்ள மராட்டிய ஆவணங்களில் சத்திரக் கணக்குகள் நிறைய உண்டு. ஆர்வமிருந்தால் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பாருங்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1855இல் கடைசி ராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார், அரச பட்டமே போனது. சத்திரங்கள் அரசாங்கத்துக்கும் அங்கிருந்து ஜில்லா போர்டுக்கும் போயின. நடைப் பயணிகளைக் குறைத்தது ரயில். மண்டபம் வரை தண்டவாளம் போட்டு, 1914இல் பாம்பன் பாலமும் திறந்துவிட்ட பிறகு, மணமேல்குடி வழியாக வெயிலில் யார் நடப்பார்கள்? பயணிகள் நின்றாலும் நிலம் இருந்தது, வருமானம் வந்தது. அந்த வருமானத்தில் பள்ளிகளும் நடந்தன. இன்றைக்கும் தஞ்சாவூரில் சத்திரம் நிர்வாகத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருக்கிறார். ராஜா போய் ஏறத்தாழ நூற்றெழுபது வருஷம் ஆகிறது, சத்திரத்து ஃபைல் மட்டும் மூடப்படவில்லை.

ஓட்டல் விஷயம். தரங்கம்பாடியில் பழைய கலெக்டர் பங்களா ஓட்டலாகித்தான் பிழைத்தது, கடற்கரையில் அழகாகவே நிற்கிறது. அதனால் ஓட்டல் என்றதும் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் பங்களா தொடக்கத்திலிருந்தே நான்கு பேருக்கானது. இது அப்படியல்ல. இங்கே ராத்திரிக்குப் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவரைப் படுக்க வைத்தால், சுவர் நிற்கும், சத்திரம் இருக்காது.

என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்துக்குப் பிற்காலத்தில் வாய்த்த உபயோகங்களில் மிகப் பொருத்தமானது உங்கள் மாணவர் விடுதிதான். ஊர்விட்டு வந்து படித்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு போட்டு, படுக்க இடமும் கொடுத்தார்கள். சரபோஜியின் கடிதத்தில் இருந்ததில் பாதியாவது உங்கள் காலத்தில் நடந்திருக்கிறது. இடிந்த பகுதிகளைச் சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார்களை வைத்துச் சீர்செய்துவிட்டு, ஒரு பகுதியில் மறுபடியும் விடுதி நடத்தலாம். இன்னொரு பகுதியில், ராமேஸ்வரம் போகிறவர்கள் குறைந்த வாடகைக்கு ஓர் இரவு தங்கட்டும். மதியம் ஒருவேளை அன்னதானம் கோயில்களில் நடப்பதுபோல இங்கும் நடக்கலாம். அரசு நினைத்தால் முடியாத காரியமா என்ன?

பேத்தியிடம் தாஜ்மஹால் கதையை மறுக்க மெனக்கெட வேண்டாம். நடுராத்திரி மணியைப் பற்றிச் சொல்லுங்கள், அவளே அடுத்த கேள்வி கேட்பாள். அந்தக் கல் குதிரைகளையும் யானைகளையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பினால் இந்தப் பக்கத்தில் போடுகிறேன். கூடவே, உங்கள் விடுதித் தோழர்கள் யாராவது எழுத முன்வந்தால், கட்டடத்தின் எந்தப் பகுதியில் படுத்தீர்கள், எங்கே சமைத்தார்கள், அப்போதே இடிந்திருந்தது எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 1801இல் சத்திரங்களில் என்ன நடந்தது என்று ராஜா எழுதி வைத்திருக்கிறார். 1978இல் இந்தச் சத்திரத்தில் நடந்ததை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அன்புடன்.