புளூடூத்தில் பேசிக்கொண்டே கார் ஓட்டினால் ஆபத்து இல்லைதானே? கை ஸ்டீயரிங்கில்தானே இருக்கிறது?

கை ஸ்டீயரிங்கில் இருப்பது நல்லதுதான். ஆனால் போன் பேச்சு பறிப்பது கையை விட அதிகமாகக் கவனத்தை.

கனடாவின் டொரான்டோவில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் செல்போன் பில்லை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு வைத்துப் பார்த்தார்கள். 1997-ல் வெளியான முடிவு: போனில் பேசும்போது மோதும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறையவில்லை.

ஏன் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு செய்த சோதனைகளைப் பார்க்க வேண்டும். 2001-ல் வந்த சோதனையில், ஜாய்ஸ்டிக்கால் திரையில் ஒரு புள்ளியைத் துரத்த வேண்டும். நடுவே சிவப்பு விளக்கு வந்தால் உடனே பொத்தானை அழுத்த வேண்டும். போனில் பேசியவர்கள் தவறவிட்ட விளக்குகள் இரண்டு மடங்கு. கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே நிலைதான். ரேடியோ கேட்டவர்களுக்கோ பாதிப்பு தெரியவில்லை. பதில் யோசித்துப் பேசுவதுதான் மூளையை இழுக்கிறது. பிறகு கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, நேராகப் பார்த்த விளம்பரப் பலகையைக் கூட போனில் பேசியவர்களுக்குப் பிறகு பல நேரம் அடையாளம் காட்ட முடியாமல் போனது. கண்ணில் பட்டது கருத்தில் படவில்லை. "ரோட்டைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன், எங்கிருந்து வந்தான்னே தெரியல" என்று விபத்துக்குப் பின் சொல்பவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம்.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் இதே மாதிரிதானே என்று கேட்பார்கள். இல்லை. குறுக்கே ஆட்டோ புகுந்தால் பக்கத்தில் இருப்பவர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார், "பார்த்து, பார்த்து" என்பார். போனில் இருப்பவருக்கு ஆட்டோ தெரியாது. அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். ஸ்ட்ரேயர் குழு 2008-ல் சிமுலேட்டரில் (திரையில் சாலை ஓடும் மாதிரிக் கார்), நெடுஞ்சாலையில் எட்டு மைல் ஓட்டி, வழியில் வரும் ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பச் சொன்னது. போனில் பேசியவர்களில் பாதிப் பேர் திரும்பாமல் நேரே போய்விட்டார்கள். பயணியோடு பேசியவர்களில் எட்டில் ஒருவர்தான் தவறவிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் கேமரா பொருத்தி அன்றாட ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆய்வுகள் சிலவற்றில், போனைத் தொடாமல் வெறுமனே பேசுவதால் விபத்து கூடியதாகத் தெரியவில்லை. பேசும்போது பலர் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுவது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் காலியான நான்குவழிச் சாலையில் ஒரு நிமிடப் பேச்சையும், பள்ளி விடும் நேரத்துக் கடைத்தெருவில் பணத் தகராறு பேசுவதையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். இரண்டாவதைச் செய்யவே கூடாது.

எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவது சாலையிலிருந்து கண்ணை எடுப்பதில்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 100 கார்களில் கேமரா பொருத்திச் செய்த ஆய்வில், 2 விநாடிக்கு மேல் கண் விலகினால் ஆபத்து குறைந்தது இரு மடங்கானது. 60 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்றால் 33 மீட்டர். ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றாலும் திரையில் பெயரைத் தேடுவதும் அழைப்பை ஏற்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். குரல் கட்டளையும் இலவசமல்ல. ஸ்ட்ரேயர் குழுவின் 2015 சோதனையில், சில கார்களில் கட்டளை முடிந்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லை. 40 கி.மீ. வேகத்தில் அது 300 மீட்டர். சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் சொல்லிவிட்டுப் பச்சை விழுந்ததும் கிளம்புவது அதனால்தான் ஆபத்து.

மேப்பில் போகுமிடத்தை வண்டி கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். போனில் 'டிரைவிங் மோட்' இருந்தால் போடுங்கள். தானாகப் பதில் போய்விடும். ஏற்றே ஆக வேண்டிய அழைப்பு என்றால் "ஓட்டிக்கிட்டிருக்கேன், பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திப் பேச வேண்டாம், பங்க் அல்லது ஓட்டல் வரும் வரை பொறுங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுபவர்களுக்கு இன்னொரு கேடு: ஒரு காது அடைபட்டு, பின்னால் வரும் லாரிச் சத்தம் சரியாகக் கேட்காது.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு கையில் பிடித்துப் பேசுவதைத்தான் குறிப்பிடுகிறது. அந்தப் பிரிவு சொல்லவில்லை என்பதால் புளூடூத் பேச்சில் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கூப்பிடும்போது மறுமுனையில் ஹாரன் சத்தம் கேட்டால், "வண்டி ஓட்டுறீங்களா? போய்ச் சேர்ந்துட்டுக் கூப்பிடுங்க" என்று நீங்களே முதலில் வைத்துவிடுங்கள். ஓட்டுபவருக்கு, குறிப்பாக மேலதிகாரியின் அழைப்பு என்றால், தானே வைக்க மனம் வராது.