தூத்துக்குடியில் பார்க்க ஒன்றுமே இல்லையா?

வணக்கம். மார்ச்சில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறோம். திரும்பும்போது ஒன்றரை நாள் தூத்துக்குடியில் தங்கலாம் என்று யோசனை. யாரிடம் கேட்டாலும் “அங்கே துறைமுகத்தைத் தவிர என்ன இருக்கு, மக்ரூன் வாங்கிட்டு வண்டியேறு” என்கிறார்கள். அப்படித்தானா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்படிச் சொன்னவர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாதுதான். இங்கே வேலை நடக்கிற நேரம் பார்த்துப் போக வேண்டும்.

பெரிய துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, பாஸ் வேண்டும். வருத்தப்படாதீர்கள், கன்டெய்னரை எங்கே நின்று பார்த்தாலும் பெட்டிதான். பார்க்க வேண்டியது பீச் ரோட்டுப் பக்கம் இருக்கிற பழைய துறைமுகம். அங்கே நிற்பவை தோணிகள், சில நூறு டன் ஏற்றுகிற மரக்கப்பல்கள். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் வெங்காயமும் ஜல்லியும் செங்கலும் இவற்றில்தான் இன்னமும் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் ஓடாது, மார்ச்சில் ஓடும். உள்ளே விடாவிட்டாலும் ரோட்டில் நின்றாலே பாய்மரங்கள் தெரியும். 1974-இல் திறந்த புதிய துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயரை வைத்துவிட்டார்கள், சரி, ஆனால் 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் கொழும்புக்குப் புறப்பட்டது இந்தப் பழைய கரையிலிருந்துதான்.

அடுத்து உப்பளம். என்னைக் கேட்டால் ஊரிலேயே இதுதான் முதலில். மார்ச் என்றால் உப்பு வாருகிற காலம், வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பதால் விடிவதற்குள் ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள், நீங்களும் ஆறு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். கிணற்று உவர்நீர் பாத்தி பாத்தியாக மாறி மாறிக் கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைந்து கிடக்கும். நீளக் கம்பு மாட்டிய பலகையால் அதை உடைத்து இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். இழுக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும். எட்டரை மணிக்கெல்லாம் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைத் திறக்க விடாது, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். ஆளைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். வரப்பில் நடக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

பனிமய மாதா கோயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அது பொங்கி வழிவது ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 திருவிழா வரை, அதற்கு இன்னொரு முறை வாருங்கள். மக்ரூன் கட்டாயம் வாங்குங்கள். முந்திரி, முட்டை வெள்ளை, சீனி, அவ்வளவுதான். கிளம்புகிற அன்று வாங்குங்கள், கடல்காற்றில் நமத்துவிடும்.

ராத்திரிக்கு மீன்பிடித் துறைமுகம். மற்ற ஊர்களில் மீன் ஏலம் பார்க்க விடிகாலையில் எழுந்து ஓட வேண்டும், இங்கே விசைப்படகுகள் காலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி, அதனால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஏலம் களைகட்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், மார்ச் என்பதால் தப்பித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தரை முழுக்க ஐஸ் தண்ணீர்.