மகனுக்கு ‘ஓரி’ என்று பெயர் வைக்கலாமா?

‘ஓரி என்றால் கிழநரி’ என்று உங்கள் மாமனார் சொன்னதில் பிழையில்லை. அகராதியில் அந்தப் பொருள் உண்டு. ஆனால் பிடரி மயிர், முதிர்ந்த தேனின் நிறம் ஆகிய பொருள்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றையும் அவருக்குக் காட்டுங்கள்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாக வன்பரணர் பாடுகிறார் (புறநானூறு 152). கடைசியில் அந்த உடும்பு ஏன் மாட்டியது என்று எனக்கு இன்றும் பரிதாபம்தான். சிறுபாணாற்றுப்படையில் அவன் குதிரைக்கும் ஓரி என்றே பெயர்.

பாரி அளவுக்கு இந்தப் பெயர் பரவவில்லை. கொல்லிமலையில் மட்டும் ஆடிப் பெருக்கையொட்டி அவனுக்கு விழா எடுக்கிறார்கள். பள்ளியில் கேலி வருமென்று பயமிருந்தால் ‘வல்லோரி’ என்று சேர்த்து வைக்கலாம். நானாக இருந்தால் வெறும் ஓரிதான்.