செல்ஃபியில் சிறுத்த இடது கண்

கேள்வி: எனக்கு 33 வயது, ஊர் செங்கல்பட்டு. பள்ளித் தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து தீம் பார்க் போனோம். வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. ஒரே ரோலர் கோஸ்டரில் ஆறு தடவை ஏறினோம். அன்றைக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, ஒருமுறை வாந்தி. தோளில் பட்டை பட்டையாக ரத்தக்கட்டு. இரண்டு நாள் தரையே ஆடுகிற மாதிரி இருந்தது. கழுத்தின் இடதுபக்கம் ஒரு வாரமாக வலி, தலைக்கும் ஏறுகிறது. சுளுக்கு வழித்துப் பார்த்தேன், போகவில்லை. எக்ஸ்ரே நார்மல். நெட்டில் தேடினால் ஹார்ட் அட்டாக், மூளையில் ரத்தக்கசிவு என்று வருகிறது. என் அப்பா மாரடைப்பில்தான் போனார். தூக்கம் கெட்டதாலோ என்னவோ, இடது கண்ணும் சின்னதாகத் தெரிகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மகளை வேறு அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். போகலாமா?

பதில்: தூக்கம் கெட்டால் இரண்டு கண்ணும் சிறுக்கும் அம்மா, ஒன்று மட்டும் சிறுக்காது. அந்த வரியைப் படித்ததும் உங்களுக்குப் போன் செய்தேன். பதில் வெளியாகும் நாள்வரை காத்திருக்கிற கடிதம் இல்லை இது. அன்று மாலையே நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினீர்கள். அங்கே என்ன கண்டுபிடித்தார்கள் என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உள்ள விஷயம், அதை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் அப்படி விரட்டினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டதும் இரண்டு செல்ஃபி அனுப்பினீர்கள். ஒன்று காலையில் பார்க் வாசலில் எடுத்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. மற்றது ஐந்து நாள் கழித்து வீட்டில் எடுத்தது. அதில் இடது மேல் இமை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு, இறங்கியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கண்ணின் பாவையும் வலதைவிடச் சிறியது. நம்முடைய கறுத்த கண்களில் பாவையின் அளவு சட்டென்று பிடிபடாது. அதனால்தான் பழைய படத்தையும் கேட்டேன். போனில் இன்னொன்றும் கேட்டேன்: "ராத்திரி படுத்தால் இடது காதுக்குள் நாடி அடிக்கிற சத்தம் கேட்கிறதா?" "ஆமாம் டாக்டர், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள்.

ஜோசியம் ஒன்றும் இல்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனி இருக்கிறது. அதன் சுவர் வாழைத்தண்டு மாதிரி அடுக்கடுக்கானது. தலை வெடுக்கென்று திரும்பும்போது, அபூர்வமாக, உள் அடுக்கில் ஒரு கீறல் விழும். ரத்தம் அந்தக் கீறல் வழியாக அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுவரை உப்பவைக்கும். இதைத்தான் டிசெக்‌ஷன் என்கிறோம். கண்ணுக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அந்தத் தமனியின் மேலேயே படர்ந்து போகின்றன. சுவர் உப்பினால் அவை நசுங்கும், இமை இறங்கும், பாவை சிறுக்கும். வழி குறுகியதால் சுழித்து ஓடும் ரத்தத்தின் சத்தம்தான் காதில் கேட்பது. கழுத்துவலியோடு அதே பக்கத்துக் கண் இப்படி ஆனால், இல்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை இது டிசெக்‌ஷன்தான் என்று வைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த பாடம்.

ஓட வேண்டிய காரணம் கண் இல்லை. கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி உடைந்து ஒரு துண்டு மேலே போனால் பக்கவாதம். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து அதிகம். 50 வயதுக்குள் வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்தோ சில மாதம் கொடுத்தால் போதும், தமனி தானாகவே ஆறிவிடும்.

இப்போது சுளுக்குக்கு வருவோம். ரெட்டைப் பிள்ளை பெற்றவர் கையால் வழித்துவிட்டால் சுளுக்கு பறந்துவிடும் என்று பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். அந்த அம்மா எண்ணெய் போட்டு வழித்ததோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கடைசியில் தாடையைப் பிடித்து மடக்கென்று திருப்பிவிட்டாராம். கிழிந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிற தமனிக்கு அதைவிடக் கெடுதல் செய்ய எனக்கே வழி தெரியவில்லை. ஆண்கள் சிரிக்க வேண்டாம். முடி வெட்டிய பிறகு சலூனில் இரண்டு பக்கமும் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு "ஆஹா" என்பவர்களுக்கும் இதே தமனிதான். பழுதே இல்லாத கழுத்தில்கூட அந்தச் சொடுக்கில் தமனி கிழிந்து வந்தவர்கள் உண்டு. முடியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே நார்மல் என்று நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ரத்தக்குழாயைக் காட்டாது. இதற்குக் கழுத்துத் தமனிகளையும் சேர்த்து எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். வெறும் தலை சி.டி. எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாலும், கண்ணைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கைக் காலையும் இரவும் ஏழு நாள் போட்டிருக்கிறீர்கள், கூடவே ஒரு கேஸ் மாத்திரை. வலி குறையக் குறைய நாளும் தள்ளிப்போனது. மருந்துக்கடைத் தம்பி உங்கள் கண்ணைப் பார்த்து மாத்திரை தரவில்லை.

மற்றவை எல்லாம் சில்லறை. தோளில் இருப்பது ரைடின் பிடிமானப் பட்டை அழுத்திய தடம், பச்சையாகி மஞ்சளாகிப் போய்விடும். வாந்தியும் தரை ஆடுவதும் உள்காதின் குழப்பம். படகிலிருந்து இறங்கியவருக்கும் அப்படித்தான் இருக்கும். படுக்கையில் புரளும்போதெல்லாம் உலகம் சுற்றினால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதற்குத் தலையை ஒரு முறைப்படி சாய்த்துச் செய்யும் எளிய சிகிச்சை இருக்கிறது. நெஞ்சு அடித்ததும் நோய் இல்லை. ஜெர்மனியில் 62 மீட்டர் உயரமும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமும் கொண்ட ஒரு கோஸ்டரில் 55 பேரை ஈ.சி.ஜி. கருவியோடு ஏற்றிப் பார்த்தார்கள். 90ஐ ஒட்டி இருந்த சராசரித் துடிப்பு 150ஐத் தாண்டியது. பயந்தால் இதயம் அடிக்கத்தானே செய்யும்? அப்பாவின் மாரடைப்புக்காகச் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். அது வேறு கணக்கு, இந்த ரைடின் தலையில் கட்டாதீர்கள்.

கிட்னியில் கல் இருக்கிற உங்கள் தோழி, ரைடு போனால் கல் விழுந்துவிடும் என்று சொன்னாராம். சிரித்துவிட்டுத் தள்ளக்கூடிய பேச்சில்லை அது. அமெரிக்க மருத்துவர் ஒருவர் முப்பரிமாண அச்சில் ஒரு சிறுநீரகத்தைச் செய்து, உள்ளே நிஜக் கற்களையும் சிறுநீரையும் போட்டு, முதுகுப்பையில் வைத்து ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காவின் பிக் தண்டர் மவுண்டன் ரயிலில் இருபது சுற்று போனார். பின் இருக்கையில் ஏறக்குறைய 64 சதவீதம் தடவை கல் நகர்ந்தது, முன் இருக்கையில் 17 சதவீதம்தான். 2016இல் கட்டுரை வந்தது, 2018இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் வந்தது. பையில் போனது அச்சுச் சிறுநீரகம், வலியென்று கத்தாது. தோழியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடிதத்தில் கழுத்துக்கு ஒரு வரி, கண்ணுக்கு ஒரு வரி. போனிலோ பாதி நேரம் மாமியார் பேச்சுதான். "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இந்த ஆட்டம் தேவையா" என்று கேட்டுவிடுவார் என்றுதான் ஒரு வாரம் வலியை மறைத்திருக்கிறீர்கள். நீங்கள் போனதில் ஒரு தப்பும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் ஏறி இறங்குகிறார்கள், தமனி கிழிந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் ஒன்றிரண்டாகத்தான் வருகின்றன. நாற்காலியில் தொப்பென்று உட்காரும்போது தலைக்குக் கிடைக்கும் அதிர்ச்சி, ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் என்றாலும், பல கோஸ்டர்களின் ஜி அளவை, அதாவது புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு விசை என்ற கணக்கை, தாண்டும் என்று 1994இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆறு தடவையும் முன்பக்கம் குனிந்து, பின்னால் கத்துகிற தோழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்றீர்கள், அதுதான் கழுத்துக்கு ஆகாது. தலையைப் பின்சாய்வில் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், மாமியாரிடமும். வாய் கோணினாலோ, ஒரு கை சோர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108க்கு அழைக்க வேண்டியவர் நீங்கள் இல்லை, பக்கத்தில் இருப்பவர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதில் பாதியை "ஏன் முன்னாடியே சொல்லல" என்ற சண்டையில் விடாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் யாராவது ரைடில் ஏறி, இரண்டு மூன்று வாரம் கழித்து நாளுக்கு நாள் கூடுகிற தலைவலி வந்தால், அவர்களுக்கும் உடனே ஸ்கேன் வேண்டும். நெட்டில் படித்த மூளை ரத்தக்கசிவு அவர்கள் விஷயத்தில் நிஜம்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். வாசலில் கோடு போட்டு வைத்திருக்கும் உயரத்துக்கு அவள் வந்திருந்தால் ஏறட்டும், கூட ஒரு சித்தியையோ தோழியையோ ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு மறு ஸ்கேனைப் பார்த்து நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த ரைடும் கிடையாது. ராட்டினமும் சேர்த்துத்தான். கீழே நின்று பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.