வக்கீல் அலுவலக பில் ஏன் தாமதமாகிறது, ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: மதுரையில் நான்கு வக்கீல்கள் உள்ள அலுவலகம் எங்களுடையது. கட்சிக்காரர்களில் பாதி கம்பெனிகள். பில் அனுப்பவே மூன்று மாதம் ஆகிறது. அனுப்பினாலும் விளக்கம் கேட்டுத் திரும்பி வருகிறது. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே எழுதி வைக்காததுதான் தாமதத்துக்குக் காரணம். மூன்று மாதம் கழித்து குமாஸ்தாவிடம் நகல் மனுச் செலவைக் கேட்டால் தொகையும் நினைவிருக்காது, ரசீதும் இருக்காது.

ஒரு எக்செல் ஷீட் போதும்: வழக்கு எண், தேதி, ஆஜரானவர், நடந்தது, அடுத்த வாய்தா, செலவு. ஜூனியர் அன்றன்றே பதிய வேண்டும். ரசீதைப் படமெடுத்து வழக்கு எண் போட்டுச் சேமிக்க வேண்டும். ‘12.06 ஆஜர், ரூ. 5,000’ என்று மட்டும் இருந்தால் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு கேள்வி கேட்காமல் விடாது. ‘12.06: இடைக்காலத் தடை மனு மீது வாதம், எதிர்த்தரப்பு கவுண்டர் (பதில் மனு) தாக்கலுக்கு 03.07-க்கு வாய்தா’ என்றால் கேட்க என்ன இருக்கிறது?

நீதிபதி விடுப்பால் வாய்தா போன நாளுக்கு ஃபீஸ் உண்டா என்பதில்தான் பெரும்பாலும் மனக்கசப்பு வரும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே இதை ஃபீஸ் கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்ற பேச்சே கூடாது. பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன.

வாங்கும் பணம் ஃபீஸுக்கா, செலவுக்கா என்று கணக்கில் பிரித்துக் காட்டுவதும் அதே விதிகளின்படி கட்டாயம். வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தை ஃபீஸில் சேர்த்துக்கொள்ள கட்சிக்காரரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பிரித்து பில் போடுவதில் லாபமும் உண்டு. ரூ. 60,000 ஃபீஸையும் ரூ. 8,400 கோர்ட் செலவையும் ஒரே பில்லில் போட்டால், கம்பெனி மொத்தத்துக்கும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடித்து ரூ. 6,840 குறைத்துவிடும். செலவை ரசீதுகளோடு தனி பில்லாகக் கொடுத்தால் பிடித்தம் பெரும்பாலும் ரூ. 6,000-தான்.

ஆண்டு விற்றுமுதல் ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டிய கம்பெனிக்கு 18 சதவீதத்தை நீங்கள் பில்லில் சேர்க்கக் கூடாது. ‘ரிவர்ஸ் சார்ஜ் முறையில் சேவை பெறுபவர் வரி செலுத்த வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியமோ, பான் எண்ணோ, கம்பெனி கொடுத்த ஆர்டர் எண்ணோ விட்டுப்போனால் பில் திரும்பி வரும்.

மாதா மாதம் 5-ஆம் தேதிக்குள் பில் போகட்டும். பணம் வரவில்லை என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்காதீர்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டை நிறுத்திவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் அனுப்பலாம், வழக்குப் போடலாம். அதைவிட, சாட்சி விசாரணை தொடங்குமுன் அந்தக் கட்டத்துக்கான ஃபீஸை முன்பணமாக வாங்குவது எளிது.